கரை நகரும் அணையில் பரிசல்

மேட்டூர் அணையின் மதகுகளையும் பூங்காவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். அணைக்குப் பின்னால் கிடக்கும் தண்ணீரைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. பண்ணவாடி, கோட்டையூர், நாகமரை என்று கரையோர ஊர்களுக்குப் போனால், மலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பும் கரையில் கவிழ்த்துக் காயவைத்த பரிசல்களும் கண்ணில் படும். இங்குள்ள மீனவர்களின் பிழைப்பு அந்த வட்டப் படகில்தான் ஓடுகிறது.

மீன்பிடிக்கப் பெரிய படகும் படகுத்துறையும் இங்கே ஏன் எடுபடுவதில்லை? காரணம், கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்த இந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த நீர்மட்டம், அந்த மாதம் முடிவதற்குள் 120 அடியைத் தொட்டுவிட்டது. தண்ணீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். ஈரம் காயாத நிலத்தில் விவசாயமும் நடக்கும். இன்று படகு கட்டிய இடம் அடுத்த மாதம் வயலாக இருக்கலாம், நடு நீராகவும் இருக்கலாம்.

எனவே, தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய படகே இங்கு உதவும்.

மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை இறுக்கிக் கட்டினால் பரிசலின் கூடு தயார். முன்பு அதன்மேல் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய இத்தகைய வட்டப் படகுகளில் பதினைந்து, இருபது பேர் ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன் பரிசலின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். தார் உரிந்த இடமோ கல் கிழித்த இடமோ இருந்தால் அங்கேதான் நீர் கசியும். பிறகு பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிப் போய், முழங்கால் அளவு தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். ஏறும்போது விளிம்பை மிதித்தால் கவிழ்ந்துவிடும். காலை நடுவில் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். வலையையும் ஒரு பக்கமாகக் குவிக்கக் கூடாது.

துடுப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரே பக்கம் வலித்தால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்பக்கம் துடுப்பைச் செருகி, இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தன்னை நோக்கி நீரை இழுத்தால்தான் நேராகப் போகும். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத்திலும் மூழ்கிய மரக்கிளைகளுக்கு இடையிலும் தடையின்றி நுழையும். மாலையில் விரித்த வலையை விடியலில் எடுக்கும்போது கட்லா, ரோகு, ஜிலேபி என்று மீன்கள் சிக்கியிருக்கும்.

இதே தட்டையான அடிப்பாகம் ஆபத்தும்கூட. காற்றை எதிர்த்து நிற்க அதற்குப் பிடிமானம் கிடையாது. ஆடிக்காற்றில் அலை எழும்பினால் தள்ளிக்கொண்டே போய்விடும். நீர்வரத்து பெருகும் நாட்களில் நிர்வாகம் பரிசல் போக்குவரத்துக்குத் தடை போடுவதும் உண்டு.

அனுபவம் மிக்க மீனவர்களுக்கும் சுழலில் சிக்கினால் நீச்சல் மட்டும் போதாது. பரிசலில் போகும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். மறுகரைக்கோ சுற்றிப் பார்க்கவோ பரிசல் ஏறுகிறவர்கள், அது இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள். ஏறிய பிறகு செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீர்கள்.