வீட்டைக் காக்கும் கண்கள்

கேமரன் மலையில், திரிங்காப்பைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் கோலா தெர்லா அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம்; மலைச்சரிவெங்கும் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் பச்சைப் பசேலெனக் காட்சியளிக்கும். காண்பவர் கண்ணுக்கு அது விருந்து. ஆனால், இம்மலையில் வீடு கட்டி வாழ்வோருக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. அடைமழை பெய்யும் இரவில் நம் வீடு நிலைத்து நிற்குமா?

இக்கேள்வி வெறும் அச்சத்தால் எழுந்ததன்று. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், பிரிஞ்சாங் அருகேயுள்ள சுங்கை ருயில் பூர்வக்குடியினர் கிராமத்தில் நிலச்சரிவு ஏற்பட்டது. சரிந்து வந்த மண் வீடுகளை மூடியது. ஏழு உயிர்கள் பலியாயின. அதற்கு முன்னர், 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சாய்ந்து விழுந்ததில் 48 பேர் மாண்டனர். ஒன்று மலையடிவாரச் சிற்றூர். மற்றொன்று நகரத்து மாடிக் குடியிருப்பு. இரண்டிலும் ஆபத்து வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவிலிருந்து வந்தது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது. அதே நேரத்தில், மண்துகள்களுக்கு இடையே தேங்கும் நீர் அவற்றை விலக்கித் தள்ளுகிறது. இதனால் மண்ணின் பிடிமானம் குறைகிறது. நீர் வெளியேற வழியிருந்தால் ஆபத்து தணியும். வழி அடைபட்டால் சரிவு நழுவும். எனவே, மலையில் கட்டப்படும் வீட்டுக்குச் சுவரும் கூரையும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால். இதனைக் கூர்ந்து பார்த்துச் சொல்பவரே கட்டட ஆய்வாளர்.

கட்டட ஆய்வாளர் வீடு முடிந்த பிறகு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பவர் அல்லர். அடித்தளம் தோண்டும்போதே மண் உறுதியாக உள்ளதா என்று பார்ப்பார். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னரே இரும்புக் கம்பிகளை எண்ணிச் சரிபார்ப்பார். ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள குறை கண்ணுக்குத் தெரியாது அல்லவா? தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் உள்ளனவா, மின்கம்பிகள் முறையாகப் பொருத்தப்பட்டுள்ளனவா, தீ பற்றினால் தப்பிக்க வழி உண்டா என ஒவ்வொன்றையும் ஆராய்வார். சுவரில் தோன்றும் ஒரு வெடிப்பு, பூச்சில் விழுந்த கீறலா, அடித்தளம் இறங்கியதன் அடையாளமா எனப் பிரித்தறிவார்.

இத்தகைய பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? இங்கேதான் சான்றிதழின் தேவை எழுகிறது. இதில் இருவகைச் சான்றிதழ்கள் உள்ளன. ஒன்று கட்டடத்துக்கு உரியது. மற்றொன்று அதனைச் சோதிக்கும் மனிதருக்கு உரியது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளும் கட்டடங்களுக்கான நெறிகளை வகுத்துள்ளன. 2007ஆம் ஆண்டு முதல், பணி முடிந்த கட்டடத்துக்குப் பொறுப்பான கட்டடக்கலைஞரோ பொறியாளரோ நிறைவு மற்றும் இணக்கச் சான்றிதழை வழங்குகிறார். அதற்கு முன் ஒவ்வொரு கட்டப் பணிக்கும் உரியவர்கள் கையொப்பமிட வேண்டும். 2015ஆம் ஆண்டில் பொறியாளர் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பின், கட்டுமானத் தளத்தில் பணிகளைக் கண்காணிக்கும் ஆய்வாளர்களும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற வழி பிறந்தது. பதிவு பெற்றவர் தவறிழைத்தால் பொறுப்பேற்க வேண்டும். கையொப்பத்தின் மதிப்பே அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறது.

ஆயினும், இந்த ஏற்பாடு வரைபடம் வரைந்து கட்டப்படும் கட்டடங்களுக்கே எளிதில் பொருந்துகிறது. தோட்டப்புற லயத்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் குடியிருப்புகளின் தரத்தைக் காக்க 1990ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அது 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு மற்றத் துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பூர்வக்குடியினரின் நிலையோ வேறு. செமாய் மக்கள் மூங்கிலாலும் இலைக்கூரையாலும் தாங்களே கட்டிக்கொள்ளும் வீட்டுக்கு வரைபடமும் இல்லை; கையொப்பமிடும் கட்டடக்கலைஞரும் இல்லை. மூங்கில் வீட்டுக்குப் பதிலாகக் கல்வீடு எழும்பும்போது வீட்டின் எடை கூடுகிறது. சரிவை வெட்டிச் சமப்படுத்தவும் நேர்கிறது. ஆய்வின் தேவை அப்போது முன்னைவிட மிகுகிறது.

இதே சிக்கலைக் கனடா நாட்டின் பூர்வக்குடியினரும் எதிர்கொண்டனர். அங்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1941ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. ஆனால், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டமாகும். பூர்வக்குடியினரின் ஒதுக்கீட்டு நிலங்களோ மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஆகவே, மாநிலக் கட்டடச் சட்டம் அவர்களது வாசல் வரை தானாக வந்து சேர்வதில்லை. இந்த இடைவெளியை உணர்ந்த பூர்வக்குடிக் கட்டட அதிகாரிகள், தங்களுக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்து, தம் தொழிலுக்குரிய சான்றிதழ் முறையையும் உருவாக்கினர். தம் மக்களின் வீட்டைத் தம் மக்களே தகுதியோடு சோதிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

உள்ளூர்க்காரர் ஆய்வாளராக இருப்பதால் என்ன நன்மை? எந்த ஓடை மழைக்காலத்தில் திசை மாறும், எந்தச் சரிவு முன்பு நழுவியது என்பதை ஊர்ப் பெரியோர் அறிவர். அவர்களது மொழியில் பேசி அதனைக் கேட்டறிய அவரால் முடியும். “இந்த இடத்தில் வீடு கட்ட வேண்டாம்” என்று அவர் சொன்னால் ஊரார் காது கொடுத்துக் கேட்பர். எனினும், ஊர்ப்பற்று மட்டும் போதாது. உறவினர் வீடானாலும் குறையைக் குறை என்று எழுதும் துணிவும், அதனை மெய்ப்பிக்கும் கல்வியும் வேண்டும். அனுபவ அறிவும் சான்றிதழும் இரு கண்களைப் போன்றவை.

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் போலிதெக்னிக்கில் கட்டுமானப் பொறியியல் பயின்று இத்துறையில் நீங்களும் அடியெடுத்து வைக்கலாம். மருத்துவர் நோயுற்றவரைக் காப்பாற்றுகிறார். கட்டட ஆய்வாளரோ விபத்து நேருமுன்னே குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். அவர் காத்த உயிர்கள் எத்தனை என்பது எந்தச் செய்தித்தாளிலும் வராது. அடைமழைக்குப் பின்னும் விடியற்காலையில் ஒரு வீட்டின் அடுப்பில் புகை எழுந்தால், அதுவே அவரது உழைப்புக்குச் சான்று.