மழைக்கு முன்னாடி வீட்டைத் தயார் பண்ணுங்க: நஷ்டம் வந்தா அது யார் பாக்கெட்?



2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். அப்போ நான் வேளச்சேரி பக்கம் ஒரு தரைத்தள வீட்ல வாடகைக்கு இருந்தேன். சம்பளம் வந்து மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. நைட்டு வாசப்படி வரைக்கும் இருந்த தண்ணி, காலையில ஃப்ரிட்ஜுக்கு கீழ் தட்டு வரைக்கும் வந்துடுச்சு. அந்த ஃப்ரிட்ஜ் தீபாவளி ஆஃபர்ல வாங்கினது. பத்து இஎம்ஐ பாக்கி. ஃப்ரிட்ஜ் மூழ்கிடுச்சு, இஎம்ஐ மூழ்கல.

அதைவிட பெரிய தப்பு ஒண்ணு பண்ணேன். தண்ணி வடிஞ்சதும், "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே"ன்னு கார் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் வேலைக்கு மட்டும் பில் 92,000 ரூபாய். என்கிட்ட ஃபுல் இன்சூரன்ஸ் இருந்துச்சு. ஆனா இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூட கிடைக்கல. ஏன்னு கீழே சொல்றேன்.

அன்னைக்கு கத்துக்கிட்டது இதுதான். மழைக்கு வீட்டைத் தயார் பண்றதுன்னா மெழுகுவர்த்தியும் பால் பாக்கெட்டும் வாங்கி வைக்கிறது மட்டும் இல்ல. ஒவ்வொரு பொருளையும் பார்த்து, "இது போனா பணம் யார் பாக்கெட்ல இருந்து போகும்?"னு கேட்கணும். பதில் மூணுதான்: ஹவுஸ் ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி, இல்லைன்னா நீங்க. முதல் ரெண்டுலயும் வராத எல்லாமே உங்க தலையிலதான் விழும். தயாரிப்பு அங்கதான் வேணும்.

வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். செப்டம்பர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினா முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. முதல்ல செலவே இல்லாத வேலை

தரைத்தளத்துல இருக்கீங்களா? ஒரு டேப் எடுத்து தரையில இருந்து மூணு அடி அளந்து சுவர்ல பென்சில்ல ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு கீழ என்னென்ன இருக்குன்னு எழுதுங்க. இன்வெர்ட்டர் பேட்டரி, வைஃபை ரவுட்டர், பீரோவோட கீழ் தட்டுல சர்டிஃபிகேட் ஃபைல், கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்... லிஸ்ட் நீளமா வரும். இதுல தூக்க முடிஞ்சதை இப்பவே மேல ஏத்துங்க. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி தூக்க முடியாததுக்குத்தான் இன்சூரன்ஸ் பத்தி யோசிக்கணும்.

மேல் மாடியில இருக்கீங்கன்னா பிரச்சினை வேற. மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டையில இலையும் பிளாஸ்டிக் கவரும் அடைச்சிருந்தா, தண்ணி தேங்கி உங்க சீலிங் வழியாத்தான் இறங்கும். ஏறிப் போய் சுத்தம் பண்ணுங்க, அரை மணி நேர வேலை.

கரண்ட் பாக்ஸ்ல ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்கும், அதுல 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். அமுக்கினா உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஈரச் சுவர்ல கரண்ட் கசிஞ்சா உயிரைக் காப்பாத்தறது அந்த ஒரு பொருள்தான். உங்க வீட்ல அது இல்லவே இல்லைன்னா, இந்த மழைக்கு முன்னாடி போட வேண்டிய முதல் செலவு அதுதான்.

2. ஓனர் பாக்கெட்

வாடகைக்கு இருக்கிற நிறைய பேர் சீலிங் ஒழுகினா பக்கெட் வெச்சுட்டு சும்மா இருந்துடறோம். தமிழ்நாட்டுல வீட்டு வாடகைக்கு 2017-ல வந்த சட்டம் இருக்கு, 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. அதுல யார் எந்த ரிப்பேர் பண்ணணும்னு பட்டியலே இருக்கு. நீங்களே சேதப்படுத்தினது தவிர, கட்டட அமைப்பு சம்பந்தமான ரிப்பேர், பைப் மாத்துறது, ஒயரிங் பராமரிப்பு இதெல்லாம் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், சாக்கடை அடைப்பு மாதிரி சின்ன வேலைகள் நம்ம பொறுப்பு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

சண்டை போட வேண்டாம். ஒழுகுற இடத்தை போட்டோ எடுத்து, "சார், மழைக்கு முன்னாடி இதை சரி பண்ணிக் கொடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. தேதியோட ஒரு பதிவு இருக்கும். காலி பண்றப்போ "சுவர் கெட்டுப்போச்சு"ன்னு அட்வான்ஸ்ல கை வெச்சா, இந்த மெசேஜ்தான் உங்களுக்கு சாட்சி.

சொந்த வீடா? மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் காய்ஞ்ச தளத்துலதான் பண்ணணும், மழை ஆரம்பிச்சப்புறம் பண்ணா காசு வீண். கணக்குக்கு 800 சதுர அடி, சதுர அடிக்கு 40 ரூபாய்னு வெச்சா 32,000 ரூபாய். மாசம் 2,700 ரூபாய் தனியா போட்டா ஒரு வருஷத்துல சேர்ந்துடும். அபார்ட்மென்ட்ல மாடி பொது இடம்னா, அசோசியேஷன் மீட்டிங்ல பேசி எல்லாருமா பிரிச்சுக்கோங்க.

3. இன்சூரன்ஸ் பாக்கெட்

வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரு பாலிசி இருக்கு. ஐஆர்டிஏஐ சொன்னபடி 2021 ஏப்ரல் 1-ல இருந்து பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் ஒரே விதிமுறையில கொடுக்கிறாங்க. வெள்ளம், புயல், தீ, நிலநடுக்கம் எல்லாம் இதுல அடங்கும். தெரிஞ்சுக்க வேண்டியது நாலு விஷயம்:

- வாடகைக்கு இருக்கிறவங்களும் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் தனியா எடுக்கலாம்.
- சொந்த வீட்டுக்கு எடுத்தா, கட்டடத் தொகையில 20 சதவீதம் (அதிகபட்சம் 10 லட்சம்) பொருட்களுக்கும் தானா கவர் ஆகும்.
- கட்டடத்தோட மதிப்புங்கறது திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும்தான். நிலத்தோட விலை சேராது. அதனால 80 லட்சத்துக்கு வாங்கின ஃபிளாட்டுக்கு 80 லட்சத்துக்கு பாலிசி எடுக்கத் தேவையில்ல.
- ரொக்கப் பணம், பத்திரம், டாக்குமெண்ட், வண்டி இதுக்கெல்லாம் இந்த பாலிசியில கவர் கிடையாது.

"ஹோம் லோன் எடுத்தப்பவே இன்சூரன்ஸ் போட்டாங்களே"ன்னு நினைக்கிறீங்களா? எடுத்துப் படிங்க. பல சமயம் அது உங்க உயிருக்கான லோன் பாதுகாப்பு பாலிசியா இருக்கும், வீட்டுக்கானது இல்ல.

இப்போ வண்டி. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா வெள்ளச் சேதத்துக்கு எதுவும் வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தா சீட், எலக்ட்ரிக்கல் மாதிரி வெள்ளம் நேரடியா கெடுத்ததுக்கு கிளைம் பண்ணலாம். ஆனா இன்ஜினுக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, அது வெள்ளத்தால வந்த சேதமா பார்க்கப்படாது, நாம பண்ணதால வந்த சேதம். என் கதை அதுதான். இதுக்கு 'இன்ஜின் ப்ரொடெக்ட்'னு தனி ஆட்-ஆன் இருக்கு, பொதுவா பாலிசி எடுக்கும்போதோ ரினியூ பண்ணும்போதோதான் சேர்க்க முடியும். உங்க ரினியூவல் தேதியை இன்னைக்கே பாருங்க. ஆட்-ஆன் இருந்தாலும் அதோட நிபந்தனைகளைப் படிச்சுக்கோங்க.

2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்தினதை பார்த்திருப்பீங்க. அப்போ நிறைய பேர் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

4. உங்க பாக்கெட்

டாக்குமெண்ட்டுக்கு அந்த வீட்டு பாலிசியில கவர் இல்லைன்னு பார்த்தோம். ஆதார், டிரைவிங் லைசென்ஸ், ஆர்சி எல்லாத்தையும் டிஜிலாக்கர்ல எடுத்து வைங்க. டிகிரி சர்டிஃபிகேட், கிரயப் பத்திரம் ஒரிஜினலை ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பீரோவோட மேல் தட்டுல வைங்க.

கையில 5,000 ரூபாய், 100, 200 நோட்டா வெச்சிருங்க. கரண்ட்டும் டவரும் போயிட்டா யுபிஐ வேலை செய்யாது. 2015 டிசம்பர்லயும், 2016-ல வர்தா புயல் வந்தப்பவும் சென்னையில இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. தரைத்தளத்துல இருந்தா, தீபாவளி ஆஃபர்ல இஎம்ஐ போட்டு பெரிய பொருள் வாங்கறதை பொங்கலுக்குத் தள்ளி வைக்க முடியுமான்னு யோசிங்க.

தண்ணி வந்துடுச்சுன்னா...

1. தண்ணி உள்ள ஏறுறதுக்கு முன்னாடியே மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. தண்ணியில நின்னுக்கிட்டு சுவிட்ச் போர்டைத் தொடாதீங்க.
2. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி, தண்ணி நின்ன அளவு தெரியற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்க.
3. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்க. சர்வேயர் வர்ற வரைக்கும் கெட்டுப்போன பொருளைத் தூக்கிப் போடாதீங்க.
4. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியைக்கூட போடாதீங்க. டோ பண்ணி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்க.
5. சம்ப்ல வெள்ளத் தண்ணி கலந்திருந்தா, முழுசா இறைச்சு, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டப்புறம்தான் மோட்டார் போடணும்.

அந்த 92,000 ரூபாயை கிரெடிட் கார்டுல போட்டு, அடைக்க ஏழு மாசம் ஆச்சு. நீங்க அந்த ஏழு மாசத்தை மிச்சம் பிடிங்க. இன்னைக்கு நைட்டு சாப்பிட்டப்புறம் ஒரு பத்து நிமிஷம், வண்டி பாலிசியைத் திறந்து ஆட்-ஆன் பக்கத்தை மட்டும் படிங்க. அங்க என்ன இருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. வீட்டு பாலிசி ஃபார்மை எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.

பத்திரமா இருங்க.