கடத்தூர் வரை வருமா கம்பெனியின் கண்?

பொம்மிடியிலோ மொரப்பூரிலோ ரயில் ஏறினால் சேலம், ஈரோடு தாண்டித் திருப்பூர் வந்துவிடும். கடத்தூர் சுற்றுவட்டாரத்துக்கு இந்த வழி நன்றாகப் பழகியது. வெற்றிலைக் கொடிக்காலும் மரவள்ளியும் ஒரு பக்கம் இருந்தாலும், தருமபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பெண் பிள்ளைகள் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்குப் போவார்கள்.

அந்த ஆலைகளில் நூற்ற நூல் திருப்பூரில் பின்னலாடையாகி, கப்பலேறி, லண்டன் கடையில் டி-ஷர்ட்டாகத் தொங்குகிறது. அதை விற்கும் கம்பெனிக்கு ஒரு சட்டக் கடமை உண்டு. பிரிட்டனின் நவீன அடிமைமுறைச் சட்டம் (2015), 54ஆம் பிரிவின்படி, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு அறிக்கை வெளியிட வேண்டும். தங்களுக்குச் சரக்கு வரும் வழியில் அடிமை உழைப்பு நுழையாதிருக்க என்ன செய்தோம் என்பதை அதில் சொல்ல வேண்டும். அந்த அறிக்கைக்கும் இங்கிருந்து ரயிலேறிய பெண்ணுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். ஏனென்றால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் தெருவில் இருக்கிறது.

அடிமைமுறை என்றதும் விலங்கு மாட்டிய கால்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று விலங்கு தேவைப்படுவதில்லை. அட்வான்ஸ் கொடுத்து மடக்குவது, சம்பளத்தைப் பிடித்துவைப்பது, ஆதாரையும் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்வது, வெளியே விடாமல் அடைப்பது, மிரட்டுவது, அளவுக்கு மீறி மிகைநேரம் வாங்குவது ஆகியவற்றையெல்லாம் கட்டாய உழைப்பின் அடையாளங்களாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வரையறுத்திருக்கிறது. அதன் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். நம் நாட்டில் அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவும், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும் இதைத் தடை செய்கின்றன. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்புதான் என்பது அந்தத் தீர்ப்பு. பசியும் வறுமையும் ஒருவரை அப்படியொரு வேலைக்குத் தள்ளுவதும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இதன் வடிவம் சுமங்கலித் திட்டம். சில இடங்களில் திருமகள் திருமணத் திட்டம் என்றும், கேம்ப் கூலி என்றும் சொன்னார்கள். ஆள் பிடிக்க வருகிற புரோக்கர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், சில சமயம் உறவுக்காரர். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “மூணே வருசம்க்கா. சோறு, ரூமு எல்லாம் மில்லுலயே. முடிச்சுட்டு வரும்போது மொத்தமா கையில குடுத்துருவாங்க. பாப்பா கல்யாணத்துக்கு ஆச்சு.” அந்த மொத்தத் தொகை 30,000 முதல் 60,000 ரூபாய் வரை இருந்தது. கேட்கும் தாய்க்கு அது கொடையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால், மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்ததுதான் அது. இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தால் அதுவும் கிடைக்காது.

உள்ளே போனபின் வாழ்க்கை எப்படி? ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் நூல் அறுந்துவிடாதிருக்க ஈரப்பதமும் வெப்பமும் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். காற்றில் பஞ்சுத் தூசு மிதக்கும். சைடு, அதாவது எந்திரத்தின் ஒரு பக்கம், பார்க்கிற பெண் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தால் அதே வளாகத்தில் ஹாஸ்டல். ஆள் குறைந்தால் வார்டன் வந்து எழுப்புவார், டபுள் ஷிப்ட். வீட்டுக்குப் பேச வாரத்தில் சில நிமிடம், கூடவே ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வெளியே கடைக்குப் போவதானால் கும்பலாக, காவலோடு. எல்லா ஆலைகளும் இப்படி என்று சொல்ல முடியாது. ஒழுங்காக நடத்துகிற ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 2011 முதல் நெதர்லாந்தின் சோமோ, இந்தியக் குழு ஆகிய அமைப்புகள் வெளியிட்ட ஆய்வுகளில் இந்தச் சித்திரமே திரும்பத் திரும்ப வந்தது. 2021இல் வந்த ஆய்வுக்காக 29 ஆலைகளின் 725 தொழிலாளர்களிடம் பேசினார்கள். திட்டத்தின் பெயர் பல இடங்களில் மறைந்துவிட்டது, ஆனால் கட்டிவைக்கும் வழிகள் மறையவில்லை என்பதே அதிலிருந்து தெரிந்தது.

இனி கம்பெனியின் பக்கம் வருவோம். லேபிளில் பெயர் போடும் பிராண்டு ஒப்பந்தம் போடுவது ஏற்றுமதியாளரோடு. ஏற்றுமதியாளர் துணியைப் பின்னவும் சாயம் போடவும் வேறு வேறு யூனிட்டுகளுக்குக் கொடுக்கிறார். அவர்களுக்கு நூல் வேறொரு மில்லிலிருந்து வருகிறது. மில்லுக்குப் பஞ்சு குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வருகிறது. மில்லுக்கு ஆள் கடத்தூர் மாதிரி ஊர்களிலிருந்து வருகிறது. பிராண்டின் பார்வை பல காலம் முதல் படியான தையல் ஆலையோடு நின்றுபோனது. நூற்பாலை அதற்கு மூன்றாவது படி. புரோக்கர் எந்தப் படியிலும் இல்லை, கணக்கிலேயே வராத ஆள்.

ஆகவே நேர்மையாக முயலும் நிறுவனம் முதலில் செய்வது, நூல் எந்த மில்லிலிருந்து வந்தது என்று பில் பில்லாகத் தேடிப் பட்டியல் போடுவது. அடுத்தது, ஆபத்து எங்கே அதிகம் என்று கணிப்பது. வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல் உள்ள ஆலை, வெளிமாவட்ட, வெளிமாநிலப் பெண்களை அதிகம் வைத்திருக்கும் ஆலை, புரோக்கர் மூலமே ஆள் எடுக்கும் ஆலை எல்லாம் அந்தக் கணிப்பில் முன்னால் வந்து நிற்கும். பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் மிக எளியவை. தலைக்கு எவ்வளவு கமிஷன்? அது யார் பணம், மில் கொடுக்கிறதா, தொழிலாளியின் கூலியில் பிடிக்கிறதா? ஆள் சேர்க்கும் செலவு முழுக்க முதலாளியுடையது என்பது இன்று பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நெறி. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறதா, ஏடிஎம் கார்டு யார் கையில்? சம்பளச் சீட்டில் மெஸ், ஹாஸ்டல் என்று எவ்வளவு பிடித்தம்? மிகைநேரத்துக்குச் சட்டப்படியான இரட்டிப்புக் கூலி உண்டா? ஹாஸ்டல், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவானதா? இந்தக் கேள்விகளைக் கேட்காத தணிக்கை, தீயணைப்பான் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று எண்ணிவிட்டுப் போய்விடும்.

தணிக்கையை நம்பிக் கெட்ட கதைக்கு உலகறிந்த சாட்சி கராச்சி. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புத் தரச் சான்றிதழைப் பெற்றிருந்தது. இங்கேயும் தணிக்கையாளர் வரும் தேதி பெரும்பாலும் ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும். யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, பதினெட்டு வயதுப் பெண் அந்நியர் ஒருவரிடம் என்ன சொல்லிவிட முடியும்?

அவள் வாய் திறப்பதற்கு என்ன வேண்டும் என்பதைத் திண்டுக்கல் காட்டியது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டம் கைத்தியன்கோட்டையிலுள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த அந்த ஆலை எச் அண்டு எம் போன்ற பிராண்டுகளுக்குத் தைத்துக்கொடுத்தது. கொலைக்குப் பிறகு மற்றப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள். பாலியல் துன்புறுத்தலும் வசையும் அங்கே பல காலமாக இருந்தது வெளியே வந்தது. இத்தனைக்கும் அந்த ஆலைக்கும் தணிக்கைகள் நடந்துகொண்டுதான் இருந்தன.

தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்கிற, பெண்கள் தலைமையேற்று நடத்தும் சங்கம் விடாமல் போராடியது. ஏஷியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பொன்றும் கூட நின்றன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம். எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. உலகில் இப்படியான, சட்டப்படி அமல்படுத்தத்தக்க ஒப்பந்தங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அது வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், அதே லைனில் உட்கார்ந்து தைக்கிற பெண்களையே சங்கம் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் பக்கத்து மெஷின் அக்காவிடமே சொல்லலாம். அவர் அதை எழுதி மேலே கொண்டுபோவார். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்த விதி. பாலின வன்முறையோடு சாதி வசையும் அதில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆலை தீர்வைச் செயல்படுத்தாவிட்டால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைக்க வேண்டும். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டன. புகாரே வராத ஆலையை நல்ல ஆலை என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை நிதானமாக யோசிக்க வேண்டும். புகார் வருவது, பயம் விலகியதன் அடையாளம்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி நாச்சி அப்பேரல் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க உத்தரவிட்டது. 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 307ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. ஒப்பந்தப்படி எடுத்த நடவடிக்கைகளைக் காட்டியபின், செப்டம்பர் தொடக்கத்தில் தடை விலகியது. சரக்கு நின்றால் எல்லோருக்கும் நஷ்டம்; தொழிலாளருக்கும் வேலை போகும். அதனால்தான், தப்பு தெரிந்ததும் ஆலையைக் கைகழுவிவிட்டு வேறு ஊருக்கு ஓடுகிற பிராண்டு பொறுப்பானது ஆகாது. இருந்து, சரிசெய்து, பிடித்துவைத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொடுப்பதே பொறுப்பு.

அறிக்கைகளில் வராத விஷயம் ஒன்று உண்டு: விலை. மேலே இருப்பவர் ஒரு சட்டைக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்து, கெடுவையும் பாதியாக்கினால், கீழே இருப்பவர் அதை எங்கே ஈடுகட்டுவார்? பஞ்சு விலையும் மின்கட்டணமும் அவர் கையில் இல்லை. கூலியும் நேரமும்தான் இருக்கின்றன. அடிமை உழைப்பு கூடாது என்று நெறிமுறை அனுப்புவதும், அடுத்த மெயிலில் விலையைக் குறைக்கக் கேட்பதும் ஒரே அலுவலகத்திலிருந்து வருகிற வரையில் எந்த நெறிமுறையும் கீழே இறங்காது. இதுதான் என் உறுதியான கருத்து. கொள்முதல் பிரிவைக் கட்டுப்படுத்தாத தடுப்புத் திட்டம் தடுப்புத் திட்டமே இல்லை.

சட்டங்களும் முழுசாக இல்லை. பிரிட்டன் சட்டப்படி, “நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை” என்று எழுதி வெளியிட்டாலும் கடமை முடிந்துவிடும். சரக்கு வரும் வழியைச் சோதிக்கச் சொல்லும் ஜெர்மனியின் சட்டம் 2023இல் அமலுக்கு வந்தது. அபராதத்துக்கும் அதில் இடம் வைத்தார்கள். இதே நோக்கமுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறையின் காலக்கெடு தொழில்துறையின் நெருக்கடியால் தள்ளிப்போனது. ஆனால் கட்டாய உழைப்பில் உருவான பொருளை அங்கே விற்கவே கூடாது என்ற ஒழுங்குமுறை 2027 டிசம்பரில் அமலாகும். இந்தியாவில் செபி, பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களிடம் பொறுப்பு அறிக்கை கேட்கிறது. நூற்பாலைகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தைப் பக்கமே வராதவை. சரக்கு வரும் வழியைச் சோதிக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அது வேண்டும்.

அது வரும்வரை, கடத்தூரிலிருந்தோ சுற்றுக் கிராமங்களிலிருந்தோ பிள்ளையை மில்லுக்கு அனுப்பும் பெற்றோர் புரோக்கரிடம் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மில்லின் பெயர், முகவரி, மாதச் சம்பளம், பிடித்தம். ஆதார் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். மூன்று வருடம் கழித்து மொத்தமாகத் தருகிறோம் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பிள்ளை மாட்டிக்கொண்டால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. திங்கட்கிழமை தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அரூர் கோட்டாட்சியரிடமும் கொடுக்கலாம். கொத்தடிமை என்று உறுதியானால், ஆலை இருக்கும் கோட்டத்தின் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் ரூபாய் உண்டு. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.