உணரிவலைகளிற் கால இசைவு: வில்கமுவவை முன்வைத்து ஒரு விளக்கம்

காலம் கூட்டு உழைப்பை ஒழுங்குசெய்யும் ஒரு சமூக உறவாகும். முல்லைப்பாட்டிற் பாசறை வேந்தனுக்குப் பொழுதறிவிக்கும் நாழிகைக் கணக்கரை நாம் காண்கின்றோம். அங்கு அவர் குரலே பாசறை முழுமைக்கும் காலம். கருவிகள் பலவாய்ச் சிதறிக் கிடக்கும்பொழுது அவற்றை ஒருகாலப்படுத்துவது எவ்வாறு? கம்பியில்லா உணரிவலைகள் எழுப்பும் வினா இதுவே.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவ விவசாயிக்கு இவ்வினா அந்நியமானதன்று. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த வனவிலங்குகளின் புகலிடமாக 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவ அதன் அயலிலேயே உள்ளது. 2022, 2023 ஆகிய ஒவ்வோராண்டிலும் இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் யானைகளால் உயிரிழந்தனர். நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் மாண்டன. யானையின் வரவை முன்னறிவது அங்கு உயிர்ப் பிரச்சினையாகும்.

யானைகள் மனிதச் செவிக்கெட்டாத தாழ்ந்த ஒலியால் உறவாடுவதைக் கேட்டி பெயின் 1984இல் உணர்ந்தார். அவ்வொலியைக் கொண்டு யானையின் இருப்பிடத்தைக் கணிக்கும் ‘ஈலொக்’ என்னும் மலிவான அமைப்பைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் விவரித்தனர். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆதலின் வெவ்வேறிடத்துக் கருவிகளை அது வெவ்வேறு கணத்தில் அடையும். அக்கால வேறுபாட்டிலிருந்து இடம் கணிக்கப்படும்.

இடர்ப்பாடு கடிகாரத்திலேயே உள்ளது. மலிவான படிகக் கடிகாரம் பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழைத்தால், ஒரு நாளில் நான்கு செக்கனுக்கு மேல் விலகும். அதனால் தூரக் கணிப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தவறும். வயலில் நிற்கும் யானை காட்டினுள் நிற்பதாகக் கருவி கூறவுங்கூடும். பிழை ஒரு மில்லிசெக்கனாயின் தவறு 34 சென்ரிமீற்றரே.

நேரத்தை வானொலிச் செய்தியாக அனுப்பினாற் போதாதோ எனலாம். செய்தி புறப்படுமுன் கருவியினுள் காத்திருக்கும் கால அளவு நிலையானதன்று. எனவே 2002இல் எல்சன் முதலியோர், ஒரே அறிவிப்பைக் கேட்ட கருவிகள் தாம் கேட்ட நேரங்களைத் தம்முள் ஒப்பிடும் முறையை முன்வைத்தனர். 2004இல் மரோட்டி முதலியோரின் முறையில், ஒரு தலைமைக் கருவியின் நேரம் வலையெங்கும் பரவும்; ஏனையவை தத்தம் விலகல் வேகத்தையுங் கணித்துத் திருத்தும். தலைமைக் கருவி செயலிழப்பின் பிறிதொன்று அவ்விடத்தை ஏற்கும்.

ஆயினும் கருவிகளிடை இசைவு மட்டும் போதாது. மின்கலத்தை மாற்றுவோர் யார், எச்சரிக்கை முதலில் எவரைச் சேரும் என்பன உடைமையும் அதிகாரமும் சார்ந்த வினாக்கள். இரவிற் பரணிற் காவலிருக்கும் உழவனை அவ்வறிவிப்பு உரியவேளையில் அடையுமாயின் மாத்திரமே இவ்விஞ்ஞானம் மக்களுடையதாகும்.