உப்பு கசியும் ஊரில் ஓயாத பீப் ஒலி

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வானிலை அறிக்கையைத் தேட வேண்டியதில்லை. சமையலறை உப்பு ஜாடியைத் திறந்தால் போதும். சுத்தமான சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். மெக்னீசிய உப்புகள் கலந்த கல்லுப்பு அதற்கும் முன்பே கசிந்துவிடும். கோலாலம்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பொரித்த அப்பளம் அரை மணி நேரத்தில் நமத்துப்போவதும், பட்டுப்புடவை மடிப்பில் பூஞ்சணம் பூப்பதும், மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதும் இதனால்தான். ஆகவே பெட்டாலிங் ஜெயாவிலும் சுங்கை வேயிலும் பிரிக்பீல்ட்ஸ் கொண்டோக்களிலும் ஈரநீக்கி இயந்திரம் வாங்குவோர் இருப்பதில் வியப்பில்லை. வாங்கிய சில நாள்களில் எழும் புகார் ஒன்றுதான்: தண்ணீரைக் கொட்டிக் கொட்டி வைத்தாலும் அது பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கிறது. இயந்திரம் கெட்டுவிட்டது என்பது உடனடி முடிவாக இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இது தவறான முடிவு என்பதே என் வாதம். அந்த ஒலி இயந்திரத்தைப் பற்றியதாக இருப்பதைவிட வீட்டைப் பற்றியதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கணக்குப் போட்டே காட்ட முடியும்.

பீப் ஒலி கேட்டதும் பார்க்க வேண்டியது தண்ணீர்த் தொட்டியை. தொட்டி காலியாகவோ பாதியாகவோ இருக்கும்போதே ஒலித்தால் கோளாறு இயந்திரத்தில் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சின்னக் கோளாறு. தொட்டிக்குள் ஓரமாக விரல் நீளத்தில் ஒரு மிதவை இருக்கும். பல இயந்திரங்களில் அதன் நுனியில் ஒரு சிறு காந்தம் பதிந்திருக்கும். நீர் ஏற ஏற மிதவை எழும்பும். காந்தம் நகர்ந்ததும் எதிரே உடற்பகுதியில் உள்ள சுவிட்சு அதை உணர்ந்து அமுக்கியை (கம்ப்ரசரை) நிறுத்திவிட்டு ஒலி எழுப்பும். தொட்டியைச் சரியாகத் தள்ளிப் பொருத்தாவிட்டாலும் காந்தம் சுவிட்சுக்கு எதிரே நிற்காது. தொட்டி நிறைந்துவிட்டது என்றோ தொட்டியே இல்லை என்றோ இயந்திரம் எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சூட்டில் நாலைந்து நாள் கழுவாத தொட்டியில் வழவழப்பாக ஒரு படலம் படரும். விரலால் தொட்டால் கஞ்சித் தண்ணீர் போல வழுக்கும் அந்தப் படலம் மிதவையின் அச்சில் ஏறினால், நீரைக் கொட்டிய பிறகும் மிதவை கீழே இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய பல் துலக்கியால் அச்சைத் தேய்த்துக் கழுவினால் தீர்ந்தது. கழுவும்போது மிதவை கழன்று சிங்க்கில் விழுந்துவிடுவதும் உண்டு. அது இல்லாமல் தொட்டியைப் பொருத்தினால் ஒலி நிற்கவே நிற்காது. இவை எதுவும் இல்லையென்றால்தான் உணரிகளையும் மின்பலகையையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலோர் புகார் இதுவல்ல. தொட்டி உண்மையிலேயே நிறைகிறது. காலையில் கொட்டினால் மதியம் நிறைகிறது, மதியம் கொட்டினால் சாயங்காலம் நிறைகிறது. இங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது. 12 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்று ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அதனுள் ஏறக்குறைய 30 கனமீட்டர் காற்று இருக்கிறது. நம் வெளிக்காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீராவி. அறையில் 28 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டுமென்றால் அது 16 கிராமுக்கு இறங்க வேண்டும். கனமீட்டருக்கு 6 கிராம் வீதம், முழு அறைக்கும் 180 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். சின்ன ஈரநீக்கியின் தொட்டியோ 2 லிட்டர். ஒரு டம்ளர் ஈரம் உள்ள அறையிலிருந்து 2 லிட்டர் தண்ணீர் வந்திருக்கிறது என்றால், அந்த அறையின் காற்று பதினொரு முறை மாறியிருக்கிறது என்று பொருள், அல்லது அறைக்குள்ளேயே எங்கோ நீர் சுரக்கிறது.

ஜன்னலோ கதவோ திறந்திருந்தால் ஓர் அறையின் காற்று மணிக்கு நான்கு முறை மாறுவது சாதாரணம். அப்படியானால் மணிக்கு 720 கிராம் ஈரம் புதிதாக உள்ளே வருகிறது. நாளுக்கு 12 லிட்டர் என்று விற்கப்படும் இயந்திரத்தின் முழுத் திறனே மணிக்கு அரை லிட்டர்தான். அதுவும் 30 டிகிரி, 80 விழுக்காடு என்ற சோதனை நிலையில் அளந்தது. அது ஒருபோதும் ஜெயிக்க முடியாத போட்டி. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டி நிறையும், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பீப் ஒலிக்கும். கதவும் ஜன்னலும் நன்றாகச் சாத்தியிருந்தால் இடுக்குகள் வழியாக வரும் காற்று மணிக்கு அறையில் பாதி அளவு என்று வைத்தாலும் 90 கிராம்தான் வரும். தொட்டி நிறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எனவே ஒரு பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதே முதல் பரிசோதனை. நாளுக்கு ஒருமுறை என்றால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஊர்க்காற்றையெல்லாம் காயவைக்கச் சொல்கிறோம்.

அப்படியென்றால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகலாமே, ஏன் சாத்துவதில்லை? சோம்பலோ மறதியோ காரணமில்லை, வெக்கை. நீராவி நீராக மாறும்போது தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு அது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம். மணிக்கு அரை லிட்டர் பிடிக்கும் இயந்திரம் அந்த வகையில் 340 வாட் வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. தான் தின்னும் 250 வாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. மொத்தம் 600 வாட்டுக்குப் பக்கம். பழைய குண்டு பல்புகள் ஆறு, நூறு வாட் வீதம், சாத்திய அறைக்குள் எரிந்துகொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஏர்கோன் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஈரநீக்கிக்கு வெளிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே உள்ளே இருப்பவர் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கிறார், ஈரம் உள்ளே வருகிறது, இயந்திரம் இன்னும் கடுமையாக உழைக்கிறது, வெக்கை கூடுகிறது, ஜன்னல் இன்னும் அகலத் திறக்கிறது. இந்தச் சுழற்சிதான் ஓயாத பீப் ஒலியின் உண்மையான காரணம். ஆளில்லாத நேரத்தில் ஓட்டினால் சுழற்சி அறுந்துவிடும். காலையில் வேலைக்குப் புறப்படும்போது அறையைச் சாத்தி, அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு இயந்திரத்தைப் போட்டால் வெக்கை யாரையும் வருத்தாது.

காற்றோட்டம் இருந்தால் ஈரம் தானே போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. குளிர்நாட்டில் அது முழு உண்மை. லண்டனில் குளிர்காலத்தில் 5 டிகிரி வெளிக்காற்று, முழுக்க ஈரம் நிறைந்திருந்தாலும், கனமீட்டருக்கு 7 கிராமைக்கூடத் தாங்காது. அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே விழுந்துவிடும். நாள்தோறும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரை அப்படிப்பட்ட நாடுகளுக்கானது. இங்கே கணக்கு வேறு. மதியம் 33 டிகிரியில் 60 விழுக்காடு என்று ஈரப்பத அளவி காட்டினால் காற்று உலர்ந்திருப்பதாகத் தோன்றும். விடியற்காலை 24 டிகிரியில் 97 விழுக்காடு என்றால் சொட்டச் சொட்ட ஈரம் என்று தோன்றும். இரண்டையும் கிராமாக மாற்றினால் இரண்டுமே 21 கிராம்தான். விழுக்காடு ஆடுகிறது, காற்றிலுள்ள தண்ணீர் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் எந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தாலும் உள்ளே வருவது ஈரக்காற்றே. காற்றோட்டம் செய்யும் நன்மை வேறு: ஓடும் காற்று வேர்வையை உலர்த்தும், சுவரோரம் ஈரம் தேங்கவிடாது. எனவே ஆள் புழங்கும் கூடத்துக்கு விசிறியும் ஜன்னலும் போதும் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். நம் முன்னோர் தோட்டத்து லயன் வீடுகளில் இயந்திரம் இல்லாமல்தானே வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கும் விடை அதுவே. பலகைச் சுவர் இடுக்கெல்லாம் காற்று ஓடியது. அலமாரி நிறையத் துணியும் ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூமும் அங்கே இல்லை. இன்றைய கொண்டோவின் பிரச்சினை சாத்திய இடங்களில்தான் இருக்கிறது. ஈரநீக்கியின் இடமும் அங்கேதான்.

சுங்கை வேயில் இந்தக் கணக்கைப் பல்லாண்டுகளாகப் பிழையில்லாமல் போட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். 1971ஆம் ஆண்டின் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டத்துக்குப் பின் அங்கே எழுந்த தொழிற்பேட்டைக்கு மோட்டோரோலா போன்ற நிறுவனங்கள் வந்தன. மின்னணுச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழில் வேரூன்றியது. சில்லைச் சுற்றியுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் உறை கல் போலத் தெரிந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். பின்னர் அதைப் பலகையில் பற்றவைக்கச் சூளையில் ஏற்றும்போது வெப்பம் 260 டிகிரி வரை போகும். உள்ளே ஒளிந்திருந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி உறையைப் பிளந்துவிடும். சோளப்பொரி போல வெடிப்பதால் தொழிலில் அதற்கு பாப்கார்ன் என்றே பெயர். அதைத் தடுக்கச் சில்லுகளை ஈரம் புகாத வெள்ளிநிறப் பைகளில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அடைப்பார்கள். கூடவே ஈரம் பட்டால் நிறம் மாறும் புள்ளிகள் கொண்ட ஓர் அட்டை. பையைப் பிரித்தபின் பல சில்லுகளுக்குத் தரப்பட்ட கெடு 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். அதுவும் 30 டிகிரி, 60 விழுக்காட்டுக்கு மிகாத அறையில். கெடு தாண்டினால் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டியாக வேண்டும். வீட்டுக்கு இதில் உள்ள பாடம் எளிது. தொழிற்சாலையில் ஊர்க்காற்றை உலர்த்த யாரும் முயல்வதில்லை. எதை உலர்த்த வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் சாத்தி, அளவியைப் பார்த்து, நேரத்தைக் குறிக்கிறார்கள். ஏர்கோன் தொழிலே இப்படித்தான் தொடங்கியது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகியதற்குத் தீர்வாக வில்லிஸ் கேரியர் வகுத்த ஈரக்கட்டுப்பாடுதான் இன்றைய ஏர்கோனின் தொடக்கம்.

ஏர்கோன் இருக்கும்போது ஈரநீக்கி எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஏர்கோனும் ஈரத்தைப் பிடிக்கிறது, வெளியேயும் கொட்டுகிறது. ஆனால் அறைக்குப் பெரிதான ஏர்கோன் சீக்கிரமே குளிர்வித்து அமுக்கியை நிறுத்திவிடும். விசிறி மட்டும் ஓடும்போது குளிர்ச் சுருளில் தேங்கிய ஈரம் மறுபடி அறைக்கே திரும்பும். கோலாலம்பூர்க் காற்று ஏறக்குறைய 24 டிகிரியில் பனிக்கத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரவு முழுக்க அறையை 20 டிகிரியில் வைத்தால், அந்த அறைச் சுவரின் மறுபக்கத்தில் சாய்த்து வைத்த அலமாரியின் முதுகு பூஞ்சணம் பிடிப்பதற்கு அதுவே காரணமாகலாம். ஈரநீக்கியின் தொட்டிக்குப் பதில் குழாய் மாட்டி நீரைக் குளியலறையில் விட்டுவிடலாம் என்பதும் உண்மை. பீப் நின்றுவிடும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் நாளுக்கு 6 யூனிட், மாதம் 180 யூனிட் மின்சாரம் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அது எச்சரிக்கை மணியின் கம்பியை அறுப்பதற்குச் சமம்.

கதவு ஜன்னல் சாத்தியும் தொட்டி சீக்கிரம் நிறைகிறதா? புது இயந்திரத்தின் முதல் சில நாள்களுக்கு அது இயல்பு. சுண்ணச் சுவரும் மெத்தையும் மரச்சாமானும் புத்தகங்களும் ஆண்டுக்கணக்கில் குடித்த ஈரத்தைத் திருப்பித் தருகின்றன. மழைநாளில் அறைக்குள் துணி காயப்போட்டால், பிழிந்த ஐந்து கிலோ துணியில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஒரு தொட்டி அதற்கே சரி. ஒரு வாரம் தாண்டியும் குறையவில்லையென்றால் சுவருக்குள் குழாய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தை 40 விழுக்காட்டில் வைத்திருப்பதும் ஒரு காரணம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 60 விழுக்காட்டுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. பூஞ்சணத்தைத் தடுக்க நமக்கு 55, 60 போதும். இங்கே 40ஐ எட்டச் சொன்னால் அமுக்கி ஓய்வே எடுக்காது.

இயந்திரம் காட்டும் எண்ணையே நம்ப முடியவில்லை என்றால் உப்பு ஜாடிக்கே திரும்பலாம். ஈரநீக்கியின் உணரி, ஈரத்தை உறிஞ்சும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம்; சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் படிந்தால் அளவு பிசகும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, கைக்கடக்கமான ஈரப்பத அளவி ஒன்றோடு காற்றுப்புகாத பைக்குள் வைத்து எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75இல் வந்து நிற்கும். அளவி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று பொருள். திருத்திய அந்த அளவியை ஈரநீக்கிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். பிறகு வடிகட்டியைக் கழற்றிச் சுருளைப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் அதில் பனிக்கட்டி படியக் கூடாது. படிந்திருந்தால் பெரும்பாலும் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். அதைக் கழுவிய பிறகும் படிந்தால் குளிரூட்டும் வாயு கசிந்திருக்கலாம். டெக்னீசியனை அழைக்க வேண்டிய நேரம் அப்போதுதான். தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிறைகிறது, உப்புச் சோதனைக்குப் பின் இரண்டு அளவுகளுக்கும் எவ்வளவு வித்தியாசம், பனி சுருளின் எந்தப் பகுதியில் படிகிறது, திரையில் என்ன எழுத்து தெரிகிறது: இந்த நான்கையும் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தால், இயந்திரத்தைக் கடைக்குத் தூக்கிச் செல்லாமல் அங்கேயே அவர் வேலையைத் தொடங்கலாம்.