ஜிம்மியும் டூர் வரலாமா?

குழந்தைகளே! முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. "ரெண்டு நாள் கல்வராயன் மலைக்குப் போய் வரலாம்" என்கிறார் அப்பா. வீடே குதூகலிக்கிறது. எல்லாரும் பையில் துணி அடுக்குகிறார்கள். அப்போதுதான் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஜிம்மி கண்ணில் படுகிறது. அதை என்ன செய்வது? கூடவே கூட்டிக்கொண்டு போகலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரு நாட்டில் அழகாகப் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நம் மலைக்கு வருவோம்.

நாய்க்கும் இடமுண்டு!

பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வேல்ஸ். மூன்று பக்கமும் கடல். அதன் கரையை ஒட்டியே நடந்து செல்ல ஒரு நீண்ட பாதை போட்டிருக்கிறார்கள். 2012-ல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் சுமார் 1,400 கிலோமீட்டர்!

அந்தக் கடலோரக் கிராமங்களில் 'காட்டேஜ்' எனப்படும் சின்னச் சின்ன வீடுகளை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பழைய வீடுகளுக்குக் கல் சுவர், சிலேட்டுக் கூரை. ஆமாம், உங்கள் தாத்தா, பாட்டி 'அ, ஆ' எழுதிப் பழகினார்களே, அந்தச் சிலேட்டுக் கல்தான்! வடக்கு வேல்ஸில் அதை மலையிலிருந்து வெட்டி எடுத்து ஓடாகப் போடுவார்கள்.

இந்த வீடுகளில் பலவற்றில், 'நாய்களும் வரலாம்' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். ஆனால், வரலாம் என்றால் இஷ்டம் போல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. எத்தனை நாய் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்டிலில் ஏறக்கூடாது, வீட்டில் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக்கூடாது, அசிங்கம் செய்தால் நாமேதான் அள்ள வேண்டும். கோடைக்காலத்தில் சில கடற்கரைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது.

ஏன் இத்தனை கண்டிப்பு?

வேல்ஸில் மனிதர்கள் சுமார் 30 லட்சம் பேர். செம்மறி ஆடுகளோ அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும். பயந்து ஓடும் சினை ஆடுகளுக்குக் கரு கலைந்துவிடும். அதனால், ஆடு மாடுகளை நாய் துரத்தினால் நாயின் சொந்தக்காரருக்குத் தண்டனை தர 1953-லேயே சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள்.

பறவைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. சில பறவைகள் தரையிலேயே கூடு கட்டி முட்டையிடும். அதனால், மக்கள் நடமாட அனுமதித்திருக்கும் திறந்தவெளிகளில் மார்ச் முதல் ஜூலை வரை நாயை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் பிடித்துச் செல்ல வேண்டும்.

புரிகிறதா குழந்தைகளே? நமக்கு அது விடுமுறை இடம். ஆனால், அங்கே பிறந்து வாழும் உயிர்களுக்கு அதுதான் வீடு. அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும் நாய் அடக்கமாக இருக்க வேண்டாமா?

இப்போது நம் மலைக்கு...

கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான நமது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே நிற்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை என்று ஊர்கள் வரும். மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறார்கள். சாமை, தினை, மரவள்ளி பயிரிடுகிறார்கள். ஆடு மாடு வளர்க்கிறார்கள். வேல்ஸில் செம்மறி ஆடு என்றால், இங்கே அவர்களுடைய ஆடும் கோழியும். உங்கள் ஜிம்மி ஒரு கோழியைக் கவ்விவிட்டால், அது ஒரு குடும்பத்தின் நஷ்டம்.

ஆகவே, ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் இவற்றைக் கவனியுங்கள்:

* தங்கும் இடத்தில் நாய்க்கு அனுமதி உண்டா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாசலில் போய் நின்றுகொண்டு கெஞ்சக்கூடாது.

* குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, ரேபிஸ் எனும் வெறிநோய்க்கான தடுப்பூசியைச் சரிபாருங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போட வேண்டும்.

* கிளம்புவதற்குச் சற்று முன் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள். மலைப்பாதை வளைவுகளில் நமக்கு வருவது போலவே அதற்கும் வாந்தி வரும். தண்ணீர் மட்டும் வழியில் அடிக்கடி கொடுங்கள்.

* பூட்டிய காருக்குள் நாயை விட்டுவிட்டு, 'அஞ்சு நிமிஷம்தானே' என்று கடைக்குப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குவதுதான் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி. காருக்குள் அது உயிரையே விட்டுவிடலாம்.

* காட்டுக்குள் நாயைக் கொண்டு போகக்கூடாது. காட்டுப்பன்றியைக் கண்டு துரத்தினால், காயம் படுவது நாய்க்குத்தான். நாயிடம் இருக்கும் நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றலாம்.

* ஊருக்குள் நடக்கும் போதும் சங்கிலி கையில் இருக்கட்டும். மலைக் கிராமத்து நாய்களுக்கு அது சொந்த இடம். புது நாயைக் கண்டால் சண்டைக்கு வரும். நீங்களும் அந்த நாய்களைத் தடவப் போகாதீர்கள்.

தப்பித் தவறி எந்த நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்! காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால், கடித்தவுடனேயே முறையாகச் சிகிச்சை எடுத்தால் பயமே இல்லை. 1885-ல் லூயி பாஸ்டர் கண்டுபிடித்துத் தந்த வரம் அது.

ரயிலில் போகிறீர்களா? ஏ.சி. முதல் வகுப்பில் ஒரு அறை முழுவதையும் உங்கள் குடும்பமே பதிவு செய்திருந்தால் நாய் கூடவே வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில்தான் பயணம்.

ஒரே கதை, இரண்டு ஊர்!

வேல்ஸில் பெத்கெலர்ட் என்று ஒரு கிராமம். 'கெலர்ட்டின் சமாதி' என்பது அந்தப் பெயரின் பொருள். லுவெலின் என்ற இளவரசரின் வேட்டை நாய்தான் கெலர்ட் என்கிறது கதை. ஒருநாள் வேட்டையிலிருந்து திரும்பிய இளவரசர், வாயில் ரத்தத்தோடு ஓடி வந்த நாயைக் கண்டார். தொட்டிலோ கவிழ்ந்து கிடந்தது. குழந்தையை நாய் கொன்றுவிட்டது என்று நினைத்து வாளால் குத்தினார். அப்போதுதான் குழந்தை அழும் குரல் கேட்டது. பக்கத்தில் ஒரு ஓநாய் செத்துக் கிடந்தது. குழந்தையைக் காப்பாற்றியதே அந்த நாய்தான்!

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையின் கதைதான் இது. பஞ்சதந்திரத்தில் வருகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது. நம் கதை நாடு நாடாகப் பயணம் போய், கீரி நாயாகவும் பாம்பு ஓநாயாகவும் மாறிவிட்டது. இன்னொரு வேடிக்கை! இப்போது அங்கே இருக்கும் சமாதியை 200 ஆண்டுகளுக்கு முன்பு, சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்காக உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர்தான் அமைத்தார் என்கிறார்கள்!

கதை எந்த ஊருடையதாக இருந்தாலும் சேதி ஒன்றுதான். வாயில்லா ஜீவன் நம்மை முழுசாக நம்புகிறது. அதன் விஷயத்தில் யோசிக்காமல் முடிவெடுப்பவர்கள் நாம்தான்.

வயதான நாய், நோயாளி நாய், புது ஆளைக் கண்டால் பாயும் நாய் - இவற்றை வீட்டிலேயே விட்டுப் போவதுதான் நல்லது. பக்கத்து வீட்டு அத்தையிடமோ மாமாவிடமோ சோற்றுக்கும் தண்ணீருக்கும் சொல்லி வையுங்கள். இரண்டு நாள் முன்பே அவர்கள் கையால் சோறு வைத்துப் பழக்குங்கள். கட்டிப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது.

கூட்டிக்கொண்டு போனாலும் சரி, விட்டுப் போனாலும் சரி... ஜிம்மி இன்றிரவு எங்கே தூங்கும்? அதற்கு யார் தண்ணீர் வைப்பார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள், குழந்தைகளே!