துரு இருக்கட்டும், சக் ஆடுகிறதா?

காயலான் கடையிலிருந்து பழைய பில்லர் டிரில்லிங் மெஷினை மீட்டு வருபவர்கள் முதலில் கை வைப்பது துருவில்தான். மண்ணெண்ணெய், உப்புத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் வார்ப்பிரும்பு மேடை பளபளத்துவிடும். பெயின்ட்டுக்கு அவசரமே இல்லை.

பார்க்க வேண்டியது, பிட்டைப் பிடிக்கும் 'சக்'கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதில் நேரான கம்பி ஒன்றை மாட்டி, புல்லியைக் கையால் சுற்றுங்கள். கம்பியின் நுனி ஆடுகிறதா? உடனே பேரிங்கைக் குறை சொல்லிப் பிரித்துப்போட வேண்டாம். பல மெஷின்களில் சக் திருகாணியால் நிற்பதில்லை. கூம்புத் தண்டு கூம்புத் துளைக்குள் இறுகி, உராய்விலேயே நிற்கிறது. நடுவே ஓர் இரும்புத் துகள் சிக்கினாலும் ஆட்டம் வரும். கழற்றித் துடைத்து மாட்டினாலே, செலவில்லாமல் சரியாகிவிடவும் கூடும்.

ஆபத்தும் அந்தக் கூம்பில்தான். கூடவே பழைய கிராஸ் வைஸும் கிடைத்துவிட்டால், மில்லிங் கட்டரை மாட்டி இரும்பைப் பக்கவாட்டில் செதுக்கும் ஆசை வரும். இந்த மெஷின் மேலிருந்து கீழே அழுத்துவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினால் கூம்பின் பிடி விட்டு, சுழலும் சக் அப்படியே கழன்று விழலாம். எதிரே நிற்பது நம் கைதான். துளைகளைச் சீரான இடைவெளியில் போட அந்த வைஸ் அருமையானது. அதையும் மேடையோடு போல்ட் போட்டு முடுக்கிய பிறகே சுவிட்சைத் தொட வேண்டும்.